மூன்றாவது கோடு

கேமராவைக் கொண்டுவந்தவர் ஒரு தையல்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. கடையிலிருந்து பாதி வேலையில் எழுந்து வந்திருப்பார் போல. துவாலையில் சுற்றியிருந்த கேமராவைக் கவுண்டரில் வைத்து, முடிச்சை நிதானமாக அவிழ்த்தார்.

"எங்க அண்ணனோடது. ரெண்டு மாசம் முன்னாடி தவறிட்டார். குளிக்கப் போனவர், உள்ளேயே மாரடைப்பு. இப்ப என் பொண்ணு எடுத்துப் பழகுறா. உள்ளே பார்த்தா கண்ணுல முடி விழுந்த மாதிரி கோடு கோடா தெரியுதாம். ஆனா படத்துல ஒண்ணும் வரல. என்ன கூத்துன்னு புரியல."

"படத்துல வராது," என்றாள் கேமரா பழுதுபார்க்கும் கடைக்காரி. "உள்ளே ஒரு சின்னத் திரை இருக்கு. லென்ஸ் வழியா வர்ற காட்சி அதுல விழுந்துதான் உங்க கண்ணுக்குத் தெரியுது. ஃபோகஸிங் ஸ்கிரீன்னு சொல்லுவோம். கீறல் அதுல இருக்கும். மாத்திடலாம். சாயங்காலம் வாங்க."

அவர் போனதும் நெற்றியிலிருந்த பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டாள். நாள் முழுக்க அது நெற்றியில்தான் இருக்கும். அதனாலேயே அந்த வணிக வளாகத்தில் எல்லோருக்கும் அவள் 'பூதக்கண்ணாடி'. பெயர் வைத்த புண்ணியம் அவளுடைய நாத்தனாரைச் சேரும். மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உறவுக்காரர்கள் பத்துப் பேர் முன்னால், "கேமராவுக்குக் காட்டுற அக்கறைய இந்தப் பூதக்கண்ணாடி மனுஷங்களுக்குக் காட்டினா நல்லாருக்கும்" என்று போட்டுடைத்தவர் அவர்தான். அதோடு பேச்சு நின்றது. ஒரு வருடம் ஆகிவிட்டது. கணவன் கப்பலில் எலெக்ட்ரீஷியன். ஊருக்கு வரும்போதெல்லாம் அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் தூது போய்ப் போய் அலுத்துவிட்டான்.

லென்ஸைக் கழற்றினாள். ஃபோகஸைக் கையால் திருப்பும் பழைய ஜூம் லென்ஸ். அதன் ஜூம் வளையத்தில் ஒரே இடத்தில் டேப் ஒட்டி எடுத்த பிசுபிசுப்பு இருந்தது. உள்ளே கண்ணாடிக்கு மேலே திரையைத் தாங்கும் கம்பிச் சட்டத்தின் கிளிப்பை இடுக்கியால் மெல்ல நெம்பினாள். சட்டம் கீழே மடிந்தது. தபால்தலை அளவு பிளாஸ்டிக் திரை. பிடிப்பதற்கென்று ஓரத்தில் சின்னதாக ஒரு காது. வேறு எங்கே விரல் பட்டாலும் ரேகை விழுந்துவிடும். காதைப் பிடித்து வெளியே எடுத்து விளக்குக்கு எதிரே காட்டினாள்.

மூன்று கோடுகள். படுக்கையாக ஒன்று, நெட்டாக இரண்டு. தற்செயலாக விழுந்த கீறல்கள் இல்லை. ஸ்கேல் வைத்து ஊசியால் இழுத்தவை. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே அழுத்தம். கை நடுங்காத ஆள்தான்.

யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாளே தவிர, அதற்கு மேல் யோசிக்கவில்லை. பழைய திரையை மெல்லிய காகிதத்தில் மடித்து வைத்தாள். புதியதைப் பொருத்தி, மேலே இருந்த தகட்டுத் துண்டு இடம் மாறவில்லை என்று பார்த்துக்கொண்டாள். தகடு கொஞ்சம் விலகினாலும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது படத்தில் மங்கிவிடும். சுவரில் ஒட்டிய சோதனை அட்டையை ஒரு படம் எடுத்தாள். தெளிவாக வந்திருந்தது. பொத்தானைத் தட்டிப் பின்னால் போனாள். தையல்காரர் மகள் எடுத்த பூனை. ஒரு ஜன்னல். ஒரு தேநீர்க் கோப்பை. அதற்கும் முன்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி.

நான்கு தூண்கள் மேல் நிற்கும் ஊர்த் தொட்டி. இடப்பக்கம் வங்கிக் கட்டடத்தின் மூலை, அதன் முன்னால் ஒரு விளக்குக்கம்பம். இன்னொரு முறை தட்டினாள். அதே தொட்டி. இன்னொரு முறை. அதே தொட்டி. ஒவ்வொன்றும் மாதத்தின் முதல் தேதி, காலை பத்து மணி. மொத்தம் பத்தொன்பது. ஒரே இடம், ஒரே சட்டகம், இம்மிகூட மாறவில்லை. வங்கியின் கூரையையும் மூலையையும் இரண்டு கோடுகளில் பொருத்தி வைத்துக்கொண்டு எடுத்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. அப்படியென்றால் மூன்றாவது கோடு?

பழைய படத்திலிருந்து புதிய படத்துக்குக் கேமராவின் சக்கரத்தை வேகமாகத் திருப்பினாள். வங்கி அசையவில்லை. விளக்குக்கம்பம் அசையவில்லை. தொட்டி மட்டும், கூப்பிட்ட குரலுக்குத் தலை சாய்ப்பது போல, வலப்பக்கமாகச் சாய்ந்தது.

திரும்பவும் சுற்றினாள். திரும்பவும் சாய்ந்தது.

தொட்டிக்கு வலப்பக்கம், அது சாயும் திசையில், நீல நிறத் தகரக்கூரை ஒன்று தெரிந்தது. அந்தக் கூரை சலவைக்கூடத்தினுடையது. ஆஸ்பத்திரிகள், விடுதிகளின் படுக்கைத் துணி எல்லாம் அங்கேதான் வெளுக்கிறார்கள். நாத்தனார் அங்கேதான் மேற்பார்வையாளர்.

தையல்காரருக்குப் போன் போட்டாள்.

"உங்க அண்ணன் என்ன வேலை பார்த்தார்?"

"தண்ணி ஆபீஸ்ல பம்ப் ஆபரேட்டர். ஏங்க?"

"தொட்டிய மாசாமாசம் போட்டோ எடுத்திருக்காரே."

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"அதுவா. தொட்டிக்கு மாப்பிள்ளை பாக்குறியான்னு வீட்டுல எல்லாரும் கிண்டல் பண்ணுவோம். அது சாயுது சாயுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். ஆபீஸுக்கு மூணு தடவை எழுதிக் கொடுத்தார். யாரும் மதிக்கல. கடைசியில அவர் அந்தப் பேச்சை எடுத்தாலே நாங்க எழுந்து போயிடுவோம்."

"எங்க நின்னு எடுத்தார்?"

"கார் நிறுத்துற கட்டடத்தோட மேல்தளத்துல. ஒரு தடவை நீயும் வந்து பாருடான்னு கூப்பிட்டார். ஆர்டர் இருக்குன்னு நான் போகல." அப்புறம் கேட்டார்: "அது நிஜமாவே சாயுதாங்க?"

"பார்த்துட்டுச் சொல்றேன்."

புதிய திரையைக் கழற்றினாள். காகிதத்தைப் பிரித்துப் பழையதையே மறுபடி பொருத்தினாள். கடையைப் பூட்டிக்கொண்டு கேமராவும் முக்காலியுமாக இறங்கினாள்.

மேல்தளத்தில் கார்கள் அதிகம் இல்லை. நல்ல வெயில், காற்று. கைப்பிடிச் சுவரோரம் தரையில் மூன்று மஞ்சள் பெயின்ட் புள்ளிகள் இருந்தன. முக்காலியின் மூன்று கால்களுக்கும் மூன்று புள்ளிகள். இறந்துபோனவர் நின்ற இடத்தில் நின்று, ஜூம் வளையத்தைப் பிசுபிசுப்பு இருந்த அளவுக்குத் திருப்பிக் கண்ணை வைத்தாள். படுக்கைக் கோட்டை வங்கியின் கூரையில் படிய வைத்தாள். முதல் நெட்டுக்கோட்டை வங்கியின் மூலையில் ஒட்ட வைத்தாள். இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன.

மூன்றாவது கோடு தொட்டியின் வலது தூணில் விழுந்தது. அடியில் தூணும் கோடும் ஒட்டியிருந்தன. மேலே போகப் போகத் தூண் விலகியது. உச்சியில், கோட்டுக்கும் தூணுக்கும் நடுவே வானம் தெரிந்தது.

தன் வேலையில்தான் தப்போ என்று திரையை அங்கேயே ஒரு முறை கழற்றி மாட்டிப் பார்த்தாள். மாற்றமில்லை. ஒரு படம் எடுத்து, இரண்டு மாதம் முன்பு அவர் கடைசியாக எடுத்ததோடு ஒப்பிட்டாள். அந்தப் பத்தொன்பது படங்களில் சாய்ந்ததைவிட இந்த இரண்டு மாதத்தில் சாய்ந்தது அதிகம்.

தண்ணீர் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவர் ஒரு குமாஸ்தா. முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எழுத்துமூலமா கொடுங்க," என்றார். "இதே புகார ஏற்கெனவே ஒருத்தர் மூணு தடவை கொடுத்தார். எங்க ஆளுதான். அவர் இப்ப இல்ல. ஃபைல மூடியாச்சு."

சலவைக்கூடத்துக்குள் நுழைந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அத்தனை மெஷின்கள். அந்த இரைச்சலுக்கு மேலே கேட்கும் ஒரே குரல் நாத்தனாருடையது. நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. அவளைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"தம்பிக்கு ஏதாவதா?" என்றார் முதலில்.

"அவருக்கு ஒண்ணுமில்ல அண்ணி. நீங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய வரணும். தொட்டி சாயுது. இந்தப் பக்கமா."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு வருஷமா எட்டிப் பாக்கல. இன்னைக்கு வந்து தொட்டி சாயுதுங்குற. நான் நல்லா நிமிர்ந்து நிக்கிறது உனக்குப் பொறுக்கலையா?"

"இதைப் பாருங்க." கேமராவின் பின்பக்கத்தைக் காட்டிச் சக்கரத்தைச் சுற்றினாள்.

"இந்தப் பொட்டியில நீங்க எதைத்தான் செய்யமாட்டீங்க? கிழவியக் குமரியாக்குவீங்க." கையைத் தட்டிவிட்டார். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. "இன்னொரு தரம் காட்டு."

காட்டினாள். நாத்தனாரின் உதடுகள் அசைந்தன. படங்களை எண்ணுகிறார்.

"எத்தனை மாசம்?"

"எடுக்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மி."

நாத்தனார் ஈரத்துணி ஏற்றிய ஒரு தள்ளுவண்டியின் சக்கரத்துக்கு அடியில் செருகியிருந்த மரக்கட்டையைக் காலால் தட்டிவிட்டார். வண்டி தானாக நகர்ந்தது. யாரும் தொடாமலே கூடத்தின் நீளம் முழுக்கப் போய்ப் பின்சுவரில் முட்டி நின்றது.

"மூணு வாரமா இப்படி," என்றார். குரலில் பழைய அதட்டல் இல்லை. "தரை இறங்கிடுச்சு, பூசினா சரியாப் போயிடும்னு நினைச்சேன். பின்னாடி வா."

கொல்லைக் கதவு சட்டத்தில் சிக்கியிருந்தது. இருவரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். பின்பக்கம் முழுவதும் சேறு. கழிவுநீர்க் குழாய் சுவரோரம் உடைந்து, சோப்பு நுரையோடு தண்ணீர் சுவருக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம்தான் தொட்டியின் தூண். சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். தூணைச் சுற்றியிருந்த சிமென்ட் தரை ஒரு பக்கம் பிளந்து, கையை நுழைக்கிற அளவுக்கு வாய் திறந்திருந்தது. உள்ளே தண்ணீர் மினுங்கியது.

"இந்தக் குழாய் எப்ப உடைஞ்சது அண்ணி?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. முதலாளிகிட்ட ஒரு தடவை சொன்னேன். அப்புறம் பாக்கலாம்னார். நானும் விட்டுட்டேன். தண்ணி எங்கேயோ போகுது, நமக்கென்னன்னு விட்டுட்டேன்."

தலைக்கு மேலே எங்கோ, கதவு முனகுவது போல ஒரு சத்தம் வந்தது. இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

நாத்தனார் உள்ளே போய்த் தானே மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். அத்தனை மெஷின்களும் அடங்கின. அந்த அமைதியில் இருபத்திரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லாரும் வெளிய வாங்க. பையி, சாப்பாட்டு டப்பா எதையும் எடுக்க வேணாம். அப்படியே வாங்க."

ஐந்து நிமிடத்தில் முதலாளி போனில் வந்தார். அவர் கத்தியது தெருவில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. நாத்தனார் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தார். கத்தி முடித்ததும் சொன்னார்: "நீங்க இங்க வந்து, உள்ள நின்னுக்கிட்டு, இதே வார்த்தைய சொல்லுங்க. நான் எல்லாரையும் அனுப்பிடறேன்."

அப்புறம் அந்தப் பெண்களை நடுத்தெருவில் வரிசையாக உட்கார வைத்தார். பேருந்துகள் நின்றன. ஹாரன் காதைப் பிளந்தது. போலீஸ்காரர் வந்தார், சத்தம் போட்டார், கடைசியில் தண்ணீர் அலுவலகத்துக்கு அவரே போன் செய்தார். மூன்று மணிக்குப் பொறியாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். சாப்பிடும்போது எழுப்பிவிட்டார்கள் என்கிற எரிச்சல் முகத்தில் இருந்தது. அவளுடைய கேமராவையும் கோடுகளையும் பற்றிக் கேட்டுவிட்டு இலேசாகச் சிரித்தார்.

"நீங்களே கழட்டி மாட்டின திரைங்கறீங்க. நூலளவு தள்ளி உட்கார்ந்திருந்தா எல்லாமே சாய்ஞ்ச மாதிரிதான் தெரியும்."

"எல்லாமே சாயணுமே சார். வங்கி சாயல. கம்பம் சாயல. தூணோட அடியும் கோட்டுல இருக்கு. தலை மட்டும்தான் விலகியிருக்கு."

அவர் சிரிப்பை நிறுத்தினார். ஜீப்பிலிருந்து நூலில் தொங்கும் ஒரு தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு தொட்டியின் வளாகத்துக்குள் போனார். பத்து நிமிடம். திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குரல் மிகவும் தணிந்திருந்தது.

"எல்லாரும் இன்னும் பின்னாடி போங்க. அந்தச் சந்து முனை வரைக்கும். ஓடாதீங்க, நடந்து போங்க."

தொட்டியைக் காலி செய்ய வேண்டும். ஆனால் வடிகால் வால்வைத் திறந்தால் அத்தனை தண்ணீரும் அதே மண்ணில்தான் இறங்கும். அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சற்று நேரத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோக்கள் தெருத்தெருவாகப் போயின. எல்லோரும் வீட்டுக் குழாய்களைத் திறந்துவிடுங்கள், மூடாதீர்கள், காரணம் கேட்காதீர்கள். மக்கள் திறந்துவிட்டார்கள். சந்து முனையில் நின்றவர்களுக்கு இரு பக்க வீடுகளிலும் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. சமையலறையில், குளியலறையில், மாடியில்.

நாலு மணிக்கு மேல் நாத்தனார் திடீரென்று நெஞ்சில் கை வைத்தார். "பாய்லர். அதுக்குத் தனி சுவிட்ச். நான் அணைக்கல."

"போகாதீங்க அண்ணி."

"அது வெடிச்சா, தொட்டியத் தள்ளுறதுக்கு வேற ஒண்ணும் வேணாம். தானா விழும்." போலீஸ்காரர் மறித்த கையைத் தட்டிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

அவளும் பின்னாலேயே போக நினைத்தாள். கால் எழவில்லை. கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிறகு யோசித்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. சலவைக்கூடத்தின் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே இருட்டு. மேலே அந்த முனகல் மறுபடி கேட்டது. இந்த முறை நீளமாக. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். இருநூறைத் தாண்டியபோது நாத்தனார் வெளியே வந்தார். ஓடவில்லை. பொறியாளர் சொன்னது போலவே, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

தொட்டி விழுந்தபோது நாலேமுக்கால். பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. பெரிய சத்தத்தோடு விழும் என்றுதான் எல்லோரும் பயந்திருந்தார்கள். முதலில் சத்தமே இல்லை. வலது தூண் மண்டி போட்டது போல மடங்கியது. மற்ற மூன்றும் அதன் பின்னாலேயே போயின. நீலக்கூரை அப்படியே மறைந்தது. அப்புறம்தான் தரை அதிர்ந்தது. தண்ணீர் சந்து முனை வரைக்கும் முழங்கால் உயரத்துக்கு வந்து, மண்ணும் வெள்ளைப் படுக்கை விரிப்புகளுமாகச் சுழன்றது. ஒரு பெண் தன் சாப்பாட்டு டப்பா மிதந்து வருவதைப் பார்த்துச் சுவரில் சாய்ந்து அழுதாள். பெயர் சொல்லி எண்ணினார்கள். இருபத்திரண்டு பேரும் இருந்தார்கள்.

நாலாம் நாள் விசாரணை. தண்ணீர் அலுவலகத்தின் நீண்ட மேஜைக்கு முன்னால் எல்லோரையும் உட்கார வைத்திருந்தார்கள். தையல்காரரும் வந்திருந்தார். அண்ணன் கொடுத்த மூன்று புகார்களின் நகல்களை மடியில் வைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் இருந்தார். ஒவ்வொன்றிலும் பெற்றுக்கொண்டோம் என்று முத்திரை இருந்தது. முதலில் கண்டுபிடித்தது யார் என்று அதிகாரி கேட்டபோது, பதில் தெரிந்த எல்லோரும் அந்தத் தாள்களைத்தான் பார்த்தார்கள்.

அடித்தளம் எதனால் அரித்தது என்ற கேள்வி வந்தது. முதலாளி தொண்டையைச் செருமி, மழைத்தண்ணீராக இருக்கலாம் என்றார். நாத்தனார் எழுந்தார்.

"மழை இல்ல. எங்க குழாய். ரெண்டு வருஷமா உடைஞ்சு கிடந்தது. இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவை நிறுத்தினார். "அம்மா, இதை எழுதினா உங்க மேலயும் கேஸ் வரும்."

"எழுதுங்க."

வெளியே வந்ததும் நாத்தனார் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். தெரு முழுக்கக் குடங்களும் வாளிகளும் வரிசையில் இருந்தன. தண்ணீர் லாரி இன்னும் வரவில்லை. வரிசையில் நின்ற ஒருவர் நாத்தனாரை அடையாளம் கண்டு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். அவரும் திரும்பிப் பார்த்தார்.

"போலீஸ் எப்ப வரும்னு நினைக்கிற?"

"தெரியல அண்ணி."

"வர்ற வரைக்கும் உன் வீட்டுல இருக்கட்டுமா? தனியா இருந்தா தொட்டியோட அந்த முனகல் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு."

"எனக்கும்தான் கேக்குது," என்றாள் அவள். "வாங்க."

எழுந்து, தங்களையே பார்த்துக்கொண்டிருந்த அந்த நீள வரிசையை ஒட்டி இருவரும் நடந்தார்கள். நாத்தனார் அவளுடைய முழங்கையைப் பிடித்திருந்தார். பிடி வலித்தது. அவள் விடுவிக்கவில்லை.